ஆறு பென்ஸ் டிரான்சிஸ்டர்

பரீட்சைக்கு மூன்றே வாரம்தான் பாக்கி. ஏ லெவல் பரீட்சை. நம் ஊர் பிளஸ் டூ மாதிரி, அதை எழுதினால்தான் காலேஜ். வேறு பையனாக இருந்தால் ராத்தூக்கம் இல்லாமல் உருப்போட்டுக்கொண்டு இருந்திருப்பான். இந்தப் பையன் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து ஒரு ரேடியோ சர்க்யூட் வரைந்துகொண்டிருந்தான்.

தேதி, 1958 ஜூன் 19. இடம், இங்கிலாந்து. பையன் பெயர் கிளைவ் சின்க்ளேர். வயது பதினேழு.

சர்க்யூட் வரைந்ததில் பெரிய அதிசயம் ஒன்றுமில்லை. அந்தக் காலத்தில் ரேடியோ பைத்தியம் பிடித்த பையன்கள் தெருவுக்கு நாலு பேர் இருந்தார்கள். அதிசயம், சர்க்யூட்டுக்குப் பக்கத்தில் அவன் எழுதிவைத்த கணக்கு. ஒரு செட்டுக்கு உதிரிப் பாகங்கள் 9 ஷில்லிங் 11 பென்ஸ். அதுபோக கலர் ஒயர், ஈயம், நட்டு, போல்ட்டு. பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தால் ஒரு வார்த்தைக்கு 9 பென்ஸ். இன்னொரு பத்திரிகை என்றால் வரிக்கு ஐந்தரை ஷில்லிங். மாதம் ஆயிரம் செட் விற்கலாம். அதற்கு ஒவ்வொரு பாகத்திலும் பத்தாயிரம் ஆர்டர் கொடுக்க வேண்டும். தலைப்பில் 'மைக்ரோ கிட்' என்று பெயர் வேறு.

பி.காம் படித்த எனக்கே இதைப் பார்த்தால் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது. காஸ்ட் ஷீட் போடச் சொல்லி எங்களுக்கு மூன்று வருஷம் பாடம் எடுத்தார்கள்.

கவனியுங்கள். பையன் ரேடியோ விற்கத் திட்டம் போடவில்லை. ரேடியோ ஆகக்கூடிய சாமான்களை விற்கத் திட்டம் போட்டான். டப்பாவில் பாகங்களும் ஒரு தாளும் இருக்கும். வாங்குகிறவர் வீட்டில் உட்கார்ந்து பற்றவைத்துக்கொள்ள வேண்டும். வேலை செய்தால் சந்தோஷம். செய்யாவிட்டால்?

இந்தக் கேள்வியில்தான் கிட் வியாபாரத்தின் மொத்த சூட்சுமமும் இருக்கிறது. பார்த்துவிடுவோம்.

சின்க்ளேர் காலேஜ் பக்கமே போகவில்லை. 'பிராக்டிகல் ஒயர்லெஸ்' பத்திரிகையில் உதவியாளர் வேலை. பிறகு பெர்னார்ட்ஸ் என்கிற பதிப்பகம். அங்கே உட்கார்ந்துகொண்டு, வீட்டிலேயே ரேடியோ செய்வது எப்படி என்று வரிசையாகப் புத்தகங்கள் எழுதித் தள்ளினார். மொத்தம் பதிமூன்று. 1959 ஜனவரியில் வந்த முதல் புத்தகம் ஒன்பது முறைக்குமேல் மறுபதிப்பு கண்டது. அதாவது, சரக்கு விற்க ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே தன் வாடிக்கையாளர் யார், அவருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது, பர்ஸில் எவ்வளவு இருக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

1961 ஜூலை 25 அன்று சின்க்ளேர் ரேடியானிக்ஸ் என்று கம்பெனியைப் பதிவு செய்தார். கம்பெனி இருந்தது. காசு இல்லை. சட்டைப்பையில் போடுகிற ரேடியோ ஒன்றை கிட்டாக விற்கும் திட்டத்துடன் முதலீட்டாளர் தேடி அலைந்தார். ஒருவர் 3,000 பவுண்டு தருகிறேன், கம்பெனியில் 55 சதவீதம் கொடு என்றார். சின்க்ளேர் அதற்கும் தயார். கடைசி நேரத்தில் அந்தப் பேச்சும் முறிந்துபோனது. வேறு வழி? மறுபடியும் ஒரு தொழில்நுட்பப் பத்திரிகையில் வேலை.

அந்த வேலைதான் அவருக்கு அதிர்ஷ்டக் கதவு. மார்க்கெட்டில் இருக்கிற டிரான்சிஸ்டர்களையெல்லாம் பற்றி ஒரு சர்வே எழுதச் சொன்னார்கள். 36 கம்பெனிகளின் சரக்கு விவரமும் அவர் மேஜைக்கு வந்தது. எவன் என்ன தயாரிக்கிறான், எது தேறுகிறது, எது தேறாமல் மூலையில் கிடக்கிறது, எல்லாம்.

பிளெஸ்ஸி கம்பெனி தயாரித்த மைக்ரோ அல்லாய் டிரான்சிஸ்டர் என்று ஒரு ரகம். அதை விற்றுக்கொண்டிருந்தது செமிகண்டக்டர்ஸ் லிமிடெட் என்கிற நிறுவனம். அவர்களிடம் போய், பரிசோதனையில் கழித்துக்கட்டிய சரக்கை மொத்தமாகக் கொடுங்கள் என்று கேட்டார் சின்க்ளேர். பத்தாயிரம் பத்தாயிரமாகப் பெட்டியில் வந்தது. விலை, ஒன்றுக்கு ஆறு பென்ஸ்.

கழித்த சரக்கு என்றால் செத்த சரக்கு என்று அர்த்தமில்லை. பெரிய வாடிக்கையாளர் ஓர் அளவு வைத்திருப்பார். அதற்கு ஒரு நூல் கீழே இருந்தாலும் வேண்டாம் என்பார். அவருக்கு உதவாதது ஒரு சின்ன ரேடியோவுக்கு ஜோராக உதவும். சின்க்ளேர் ஒவ்வொன்றாகச் சோதித்தார். தேறியதைத் தரம் பிரித்தார். மேட் 100, மேட் 120 என்று புதுப் பெயர் சூட்டி, ஒன்று 7 ஷில்லிங் 9 பென்ஸ் என்று விற்றார்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. நம் பழைய ரூபாய், அணா, பைசா மாதிரி அவர்களுக்குப் பவுண்டு, ஷில்லிங், பென்ஸ். ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ். (1971 பிப்ரவரியில்தான் அந்தத் தலைவலியைத் தலைமுழுகினார்கள். நாம் 1957லேயே முழுகிவிட்டோம்.) 7 ஷில்லிங் 9 பென்ஸ் என்றால் 93 பென்ஸ். வாங்கியது ஆறு. விற்றது தொண்ணூற்று மூன்று. தேறாதவற்றின் செலவு, விளம்பரம், தபால் எல்லாவற்றையும் கழித்தால்கூட இது கசக்கிற வியாபாரம் இல்லை.

வெறும் டிரான்சிஸ்டரை விற்பதைவிட அதைச் சுற்றி ஒரு பொருளைக் கட்டி விற்றால்? 1962ல் வந்தது, சின்க்ளேர் மைக்ரோ ஆம்ப்ளிஃபயர். தபால்தலையைவிடச் சிறிய ஓர் ஆம்ப்ளிஃபயர் கிட். விலை 28 ஷில்லிங் 6 பென்ஸ். இந்த வகையில் உலகத்திலேயே சின்னது என்றது விளம்பரம்.

ரேடியோவுக்கு எதற்குத் தனியாக ஓர் ஆம்ப்ளிஃபயர் என்று சிலர் கேட்கக்கூடும். ஏரியலில் வந்து விழும் சிக்னல் இருக்கிறதே, அது பரம ஏழை. தூரத்து ஸ்டேஷன் என்றால் ஒரு வோல்ட்டைப் பத்து லட்சமாகக் கூறுபோட்டு அதில் சில கூறுகள், அவ்வளவுதான். அதைத் தூக்கி நிறுத்தினால்தான் காதுக்கு எட்டும். முதலில் கைகொடுத்துத் தூக்குகிறதே, அதற்குத்தான் ப்ரீ ஆம்ப்ளிஃபயர் என்று பெயர். எண்ணி நாலைந்து ரெசிஸ்டர், ரெண்டு மூன்று கண்டன்சர், ஒன்றோ இரண்டோ டிரான்சிஸ்டர். ஒரு சாயங்கால வேலை.

ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. எந்த டிரான்சிஸ்டரும் தன் பங்குக்குக் கொஞ்சம் 'உஸ்' என்று இரையும். முதல் டிரான்சிஸ்டர் போடுகிற இரைச்சலைப் பின்னால் இருக்கிற அத்தனை டிரான்சிஸ்டர்களும் சிக்னலோடு சேர்த்து மரியாதையாகப் பெருக்கிக் கொடுத்துவிடும். சுருதிப்பெட்டியே தப்பாக இருந்தால் வித்வான் எத்தனை நல்லவராக இருந்து என்ன பிரயோஜனம்? ஆகவே முதல் இடத்தில் உட்காருகிறவர் யோக்கியராக இருக்க வேண்டும். ஆறு பென்ஸுக்கு வாங்கிய கும்பலிலிருந்து யோக்கியரைப் பொறுக்கி எடுப்பதுதான் சின்க்ளேரின் உழைப்பு. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

மிச்ச உழைப்பு வாங்கியவருடையது. அந்தக் காலத்து ஜெர்மேனியம் டிரான்சிஸ்டருக்கு உடம்பு ரொம்ப மென்மை. சால்டரிங் அயர்னைக் கொஞ்சம் கூடுதல் நேரம் வைத்தால் பொசுக்கென்று உயிரை விட்டுவிடும். அதனால் பாதிக் காலை மூக்குக் குறட்டால் கவ்விக்கொள்ள வேண்டும். சூடு குறட்டுக்குப் போய்விடும். பாட்டரியை மாற்றிக் கொடுத்தால் காலி. எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சரைத் திருப்பி வைத்தால் காலி. எல்லாம் சரியாக வைத்தும், ஈயம் மேலே உருண்டையாக உட்கார்ந்து உள்ளே ஒட்டாமல் இருந்தால், அதற்கு நம்ம ஊர் மெக்கானிக்குகள் 'டிரை சால்டர்' என்பார்கள். பார்க்க அழகாக இருக்கும். வேலை செய்யாது.

வேலை செய்யவில்லை என்றால் பதினைந்து வயதுப் பையன் என்ன நினைப்பான்? பாகம் மட்டம் என்றா நினைப்பான்? 'நான்தான் ஏதோ சொதப்பிட்டேன்' என்றுதான் நினைப்பான்.

கிட் வியாபாரியின் பெரிய சொத்து இதுதான். அவர் சம்பளம் கொடுக்காத தொழிலாளி, வாங்கியவர். முழுப் பணமும் முன்னாலேயே தபாலில் வந்துவிடும். சரக்கு பிறகு போகும். அதாவது நடைமுறை மூலதனத்தைக் கொடுக்கிற பேங்க்கும் அவர்தான். கடைசியில் பொருள் வேலை செய்யாவிட்டால் பழியைத் தூக்கிச் சுமக்கிறவரும் அவரேதான். உழைப்பு, கடன், பழி மூன்றையும் வாடிக்கையாளர் கணக்கில் எழுத முடிகிற தொழில் உலகத்தில் வேறு எத்தனை இருக்கிறது?

உடனே சின்க்ளேரை வில்லனாக்கிவிட வேண்டாம். அந்தப் பையனின் கையில் ரேடியோ வாங்கக் காசு கிடையாது. கிட் இல்லையென்றால் அவனுக்கு ஒன்றுமே இல்லை. கேள்வி, விற்ற பிறகு அந்த மூன்று சுமையில் எதையாவது வியாபாரி திரும்ப வாங்கிக்கொள்கிறாரா என்பது.

வாங்கிக்கொண்ட ஒரு கம்பெனி இருந்தது. அட்லாண்டிக்கின் அந்தப் பக்கம், அமெரிக்காவின் மிச்சிகன் மாகாணத்தில் பென்ட்டன் ஹார்பர் என்கிற ஊரில்.

ஹீத் கம்பெனி. எட்வர்ட் ஹீத் என்கிற விமானப் பைத்தியம் ஆரம்பித்தது. வீட்டிலேயே விமானம் கட்டிக்கொள்ளுங்கள் என்று பாகங்களை கிட்டாக விற்றவர். நம்பக் கஷ்டமாக இருக்கும், ஆனால் அதில் மோட்டார் சைக்கிள் இன்ஜினைப் போட்டுப் பறந்தார்கள். 1931ல் ஒரு புது விமானத்தைச் சோதித்துப் பார்க்கும்போது ஹீத் விழுந்து இறந்துபோனார். திவாலான கம்பெனியை 1935ல் ஹோவர்ட் ஆண்டனி வாங்கினார். இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் ராணுவம் வேண்டாமென்று தள்ளிய எலக்ட்ரானிக் சாமான்களை மலை மலையாக வாங்கிப் போட்டார். அதில் ஐந்து அங்குல பிக்சர் டியூப்கள் ஏராளம். 1947ல் அவற்றை வைத்து ஆசிலாஸ்கோப் கிட் ஒன்று கொண்டுவந்தார். விலை 39 டாலர் 50 சென்ட். கடையில் ரெடிமேடாக வாங்கினால் பல மடங்கு. பிய்த்துக்கொண்டு போனது.

பாருங்கள், இவரும் கழித்த சரக்கில்தான் ஆரம்பிக்கிறார். வித்தியாசம் பாகத்தில் இல்லை, புத்தகத்தில் இருந்தது.

ஹீத்கிட் டப்பாவில் வருகிற கையேடு ஒரு தனி ரகம். ஒரு படியில் ஒரே ஒரு வேலை. இந்த ஒயரை இத்தனை அங்குலம் வெட்டு. இந்த முனையில் மாட்டு. பற்றவை. பக்கத்தில் ஒரு சின்ன அடைப்புக்குறி. முடித்தால் டிக் அடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போக வேண்டும். விரித்தால் மேஜை முழுக்க நிரம்புகிற படம். கடைசியில், வேலை செய்யவில்லையா, எங்கே பார்க்க வேண்டும் என்று ஒரு பகுதி. அப்படியும் வரவில்லையா, எங்களுக்கு எழுது. இல்லாவிட்டால் அனுப்பிவிடு. உங்களைத் தோற்க விடமாட்டோம் என்பதுதான் அந்தக் கம்பெனியின் வாக்குறுதி.

ஆண்டனியும் 1954ல் விமான விபத்தில்தான் இறந்தார். கம்பெனி கைமாறியது. கையேடு எழுதுகிற ஒழுங்கு மட்டும் மாறவில்லை. 1964ல் ஜனாதிபதி தேர்தலில் நின்ற செனட்டர் பேரி கோல்ட்வாட்டர் ஹீத்கிட் கட்டுவதில் பெரிய ஆர்வலர். சிறுவயதில் ஹீத்கிட் கட்டிய இன்னொரு பையன் ஸ்டீவ் ஜாப்ஸ். சுற்றி இருக்கிற பொருள்களெல்லாம் மந்திரம் இல்லை, மனிதர்கள் செய்தவைதான் என்பது அதில்தான் புரிந்தது என்று 1995ல் ஒரு பேட்டியில் சொன்னார்.

சின்க்ளேர் கையேட்டில் செலவு செய்கிற ஆசாமி இல்லை. அவர் செலவு செய்தது விளம்பரத்தில். முழுப் பக்க விளம்பரங்கள், அட்டகாசமான படங்கள். 1964ல் மைக்ரோ 6 என்று ஒரு ரேடியோ கிட். தீப்பெட்டியைவிடச் சின்னது. 59 ஷில்லிங் 6 பென்ஸ். மணிக்கட்டில் வாட்ச் மாதிரி கட்டிக்கொள்ள வார் வேண்டுமா, அது தனிக்காசு. இந்த ரேடியோ நன்றாகவே விற்றது.

அதே வருஷம் எக்ஸ் 10 என்கிற ஆம்ப்ளிஃபயர். துடிப்பின் அகலத்தை மாற்றி ஒலியைப் பெருக்குகிற புதுமாதிரி யோசனை. இன்று செல்போனுக்குள் இருக்கிற ஆம்ப்ளிஃபயரெல்லாம் அந்த ஜாதிதான். யோசனை பிரமாதம். ஆனால் அன்றைய டிரான்சிஸ்டர்களுக்கு அந்த வேகம் தாங்காது. பத்து வாட் என்று விளம்பரம் சொன்னது, வந்தது அதில் சொற்பம். கிட்டாக வாங்கினால் 5 பவுண்டு 19 ஷில்லிங் 6 பென்ஸ். கட்டித் தந்தால் சரியாக ஒரு பவுண்டு கூடுதல். அந்த ஒரு பவுண்டுதான் உங்கள் சாயங்காலத்துக்கு சின்க்ளேர் போட்ட கூலி. பத்து வாட் வரவில்லையென்று எத்தனை பேர் பற்றவைத்ததைப் பிரித்துப் பிரித்து மாட்டியிருப்பார்களோ, பாவம்.

பத்து வருஷத்துக்கு இந்த வண்டி ஓடியது. நடுவில் கால்குலேட்டரில் கொடிகட்டிப் பறந்தார். அதிலும் ஒன்றை கிட்டாக விற்கத் தவறவில்லை. பிறகு 1975 வந்தது. கூடவே பிளாக் வாட்ச்.

கறுப்பு பிளாஸ்டிக்கில் ஒரு டிஜிட்டல் கைக்கடிகாரம். ரெடிமேட் 24 பவுண்டு 95, கிட் 17 பவுண்டு 95. ஏழு பவுண்டு மிச்சம். பார்க்க ராஜா மாதிரி இருக்கும். உள்ளே இருந்த சிப்புக்கு மட்டும் நைலான் சட்டை ஆகாது. சட்டையில் உரசி உண்டாகிற நிலைமின்சாரம் பட்டாலே படுத்துவிடும். பாட்டரி பத்து நாள் வந்தால் அதிகம். வெயில் காலத்தில் ஒரு வேகம், குளிர் காலத்தில் ஒரு வேகம். கட்டுவதோ மகா கொடுமை. சின்க்ளேர் ஒருகாலத்தில் வேலை பார்த்த அதே 'பிராக்டிகல் ஒயர்லெஸ்' பத்திரிகை, பாட்டரியை உள்ளே உட்காரவைக்க இரண்டு மரக் கிளிப் (துணி காயப்போடுவோமே, அதுதான்), இரண்டு டிராயிங் பின், ஒரு துண்டு ஒயர் வைத்துக்கொள்ளுங்கள் என்று வாசகர்களுக்கு யோசனை சொன்னது. அப்புறமும் சரியான நேரம் காட்டவைக்க நான்கு நாள் திருகிக்கொண்டிருக்க வேண்டும்.

இந்த முறை ஒரு வித்தியாசம் நடந்தது. ரெடிமேடாக வாங்கியவர்களின் வாட்ச்சும் நின்றுபோனது. கையில் சால்டரிங் அயர்னைத் தொட்டே பார்க்காதவர் எப்படித் தன்னைத்தானே நொந்துகொள்வார்? திருப்பி அனுப்பினார். எல்லோரும் அனுப்பினார்கள். கிட் வாங்கியவர்களுக்கும் அப்போதுதான் உறைத்தது, தப்பு நம்முடையது இல்லையென்று. ரிப்பேருக்கு வந்த மூட்டையைத் தீர்க்கவே முடியவில்லை.

1976 ஏப்ரலில் முடிந்த கணக்கு வருஷத்தில் நஷ்டம் 3,55,000 பவுண்டு. கம்பெனியைக் காப்பாற்ற அரசாங்கத்தின் நேஷனல் எண்டர்ப்ரைஸ் போர்டு உள்ளே வந்தது. 6,50,000 பவுண்டு போட்டு 43 சதவீதப் பங்கை எடுத்துக்கொண்டது. பழைய ஐந்தொகையில் எங்கேயும் தெரியாமல் இருந்த ஒரு பொறுப்பு, வாடிக்கையாளர் பெயரில் எழுதிவைத்த பழி, மொத்தமாகத் திரும்பி வந்தது என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

பாடம் கற்றாரா என்றால், பாதி. சின்க்ளேர் வேறு கம்பெனி ஆரம்பித்து 1980ல் இசட்எக்ஸ் 80 என்கிற கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தார். கிட் 79 பவுண்டு 95, ரெடிமேட் 99 பவுண்டு 95. அடுத்த வருஷம் இசட்எக்ஸ் 81. கிட் 49 பவுண்டு 95, ரெடிமேட் 69 பவுண்டு 95. இரண்டிலும் கூலி இருபது பவுண்டு. 81 மாடல் பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது. பிரிட்டனில் ஒரு தலைமுறையே அதில்தான் புரோகிராம் எழுதக் கற்றது. 1983ல் சர் பட்டம். ஆனால் 1984 ஜனவரியில் கியூஎல் என்று அடுத்த கம்ப்யூட்டரை அறிவித்தபோது பொருளே தயாராகவில்லை. முன்பணம் அனுப்பியவர்கள் மாதக்கணக்கில் தபால்காரரை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். பழைய பழக்கம்.

அதற்குள் கிட் என்கிற வியாபாரத்துக்கே காலம் முடிந்துகொண்டு வந்தது. காரணம் சுலபம். பாகம் மலிவு, அதைப் பொருத்தும் கை விலை அதிகம் என்று இருந்தவரை வாங்குகிறவரின் உழைப்புக்கு ஒரு மதிப்பு இருந்தது. இயந்திரங்களே பலகையில் பாகங்களை மடமடவென்று பொருத்த ஆரம்பித்ததும் அந்தக் கூலி ஏறக்குறைய காணாமல் போய்விட்டது. ஐம்பது பாகம் செய்த வேலையை ஒரே சிப் செய்தது. ரெடிமேடைவிட கிட் விலை அதிகம் என்றால் யார் வாங்குவார்? 1979ல் ஜெனித் கம்பெனி ஹீத்தை வாங்கியதே அதன் கம்ப்யூட்டர் பிரிவுக்காகத்தான். 1992ல் ஹீத் கிட் விற்பதை நிறுத்திக்கொண்டது. தோற்க விடமாட்டோம் என்று சொன்ன கம்பெனியும் மிஞ்சவில்லை. பின்னால் அந்தப் பெயரை உயிர்ப்பிக்கச் சில முயற்சிகள் நடந்தன. பழைய கூட்டம் திரும்பவில்லை.

சின்க்ளேர் தன் கம்ப்யூட்டர் வியாபாரத்தை 1986 ஏப்ரலில் விற்றார். விலை 50 லட்சம் பவுண்டு. வாங்கியவர் ஆம்ஸ்ட்ராட் முதலாளி ஆலன் ஷுகர். அவர் 1984ல் கொண்டுவந்த கம்ப்யூட்டரில் கீபோர்டு, டேப் ரிகார்டர், மானிட்டர் எல்லாம் சேர்ந்தே வந்தன. வாங்குகிறவர் செய்ய வேண்டிய வேலை, ஒரே ஒரு பிளக்கைச் சுவரில் சொருகுவது.